அலெக்சாந்தருக்குக் கதிரை போடாதேங்கோ

நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் கோவிலில் பிரசங்கம் செய்திருக்கிறேன். ஒரு கிறிஸ்தவன் தன் நாவை எப்படிக் காக்க வேண்டும் என்பது பற்றிய பிரசங்கம் அது. அதற்குப் பிறகு நெடுந்தீவில் ஒருவரும் என்னை எதற்கும் பேசக் கூப்பிட்டதில்லை. கலியாண வீட்டில் நான் தொண்டையைச் செருமினால், பக்கத்தில் இருப்பவர் இன்றைக்கும் என் கையைப் பிடித்து மெல்ல அமர்த்துகிறார்.

பிரசங்கம் உண்மையில் என்னுடையதல்ல. அது ஒரு வெள்ளைக்காரச் சுவாமியாருடையது. நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவன் மட்டுந்தான். (அவர் சொன்னதில் பாதியைச் சொன்னேன். மற்றப் பாதி என்னுடைய கைச்சரக்கு.)

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம் அது. யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் தங்கி இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். படித்துவிட்டு என்று சொல்வதும் சரியல்ல. படிப்பு என்னை நிறுத்திவிட்டது. கடைசிச் சோதனையில் கணக்கு என்னோடு கூட வந்தது, பூமிசாத்திரம் கூட வந்தது, இங்கிலிஷ் மட்டும் வர மறுத்துவிட்டது. இந்தச் செய்தி கடல் தாண்டி நெடுந்தீவுக்கு வரவில்லை. நானும் அதை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வரவில்லை.

ஊரில் இறங்கும்போது எனக்கு நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் இருந்தன. இங்கிலிஷ் தெரியும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி யாரும் கேட்கவில்லை. காலையில் எழும்பி, எங்கள் மாட்டுப் பட்டியைப் பார்த்து 'குட் மோர்னிங்' சொல்வேன். அம்மா அதைக் குசினிக்குள் அடுப்படியில் இருந்து கேட்டுப் பூரித்துப்போவா. பின்னேரங்களில் மேற்குக் கரையிலுள்ள முருகைக்கல் மதிலில் ஏறி இருந்துவிடுவேன். முன்னால் கடல். பின்னால் வெட்டை வெளியில் குதிரைகள் தலை குனிந்து மேயும். வெயில் சாயச் சாயக் குதிரைகளின் நிழல் நீண்டு நீண்டு என் மதில்வரை வரும். எனக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். வாத்தியார் வேலை, ஓட்டு வீடு, அந்த வீட்டு வாசலில் எலிசம்மா.

எலிசம்மா மூப்பருடைய மகள். மூப்பர் என்றால் கோவில் காரியங்களைப் பார்ப்பவர். செபத்தைத் தொடங்கி வைப்பது அவர். திருநாள் வந்தால் தோளில் பையைக் கொழுவிக்கொண்டு வீடுவீடாகப் போய் அரிசி, தேங்காய், மெழுகுதிரி என்று சேர்ப்பதும் அவர். அவரைக் கண்டால் எல்லா வீட்டிலும் உட்காரக் கதிரை போடுவார்கள், சாப்பிடாமல் விடமாட்டார்கள். நல்ல உயரம், வெளுத்த சால்வை. பேச்சு மட்டும் மிகவும் குறைவு. "ஓம்", "பாப்பம்", போதும் என்பதற்கு ஒரு "காணும்" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு கோவிலையும் ஒரு குடும்பத்தையும் நடத்திவந்தார். ஊரில் சின்னது பெரியது எல்லாம் அவரை மூப்பர் என்றுதான் கூப்பிடும். அவருடைய பெண்சாதி "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுவா. மழைக்கு ஒரு சொந்தப் பேர் இருக்குமோ என்று நான் எப்படி யோசித்ததில்லையோ, அதேபோல மூப்பருக்கும் ஒரு பேர் இருக்குமென்று யோசித்ததில்லை.

அம்மாவும் மூப்பர் பெண்சாதியும் கலியாணக் கதையைத் தொடங்கியிருந்தார்கள். மூப்பர் "பாப்பம்" என்று சொல்லியிருந்தாராம். திருநாள் முடிந்ததும் கோவில் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு இங்கிலிஷ் படிப்பிக்க என்னை எடுப்பதாகப் பங்குச் சுவாமியும் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் நான் நடக்கும்போது கால் நிலத்தில் பட்டதா என்பது எனக்குச் சந்தேகம்.

திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் செபம், நவநாட்கள். ஊர்காவற்றுறையிலிருந்து வெள்ளைக்காரச் சுவாமியார் ஒருவர் பிரசங்கம் வைக்க வள்ளத்தில் வந்திறங்கினார். கடல் அவரை நன்றாகக் குலுக்கியிருந்தது. கரையில் இறங்கியும் நெடுநேரம் அவர் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றார். நாட்டுக்குப் புதியவர். தமிழில் செபம் சொல்வார், தண்ணீர் கேட்பார், அதற்குமேல் ஓடாது. பங்குச் சுவாமி மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. அன்று காலையில் பார்த்துப் பங்குச் சுவாமி காய்ச்சலில் விழுந்துவிட்டார்.

மத்தியானம் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டா. அவர் இருந்து, தண்ணீர் குடித்து, செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, சுவாமிக்குக் காய்ச்சல். பின்னேரப் பிரசங்கத்தை நீர் தமிழிலை சொல்லுவீரோ?"

அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது. குசினி வாசலில் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றா. ஏலாது என்று சொல்லியிருக்கலாம். எதைப் பற்றிய பிரசங்கம் என்றாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த இடத்திலேயே எனக்குத் தெரியாத ஒரு சொல் வந்துவிடுமோ என்று பயம். அதனால், "அதுக்கென்ன, சொல்லுறன்" என்றேன். மூப்பர், "காணும்" என்று எழுந்துபோனார்.

அந்தப் பின்னேரம் எனக்கு இப்போதும் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. கோவிலின் மேற்குப் பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. வெயில் மஞ்சளாக உள்ளே வந்து, பாயில் இருந்த பெண்களுடைய வெள்ளை முக்காடுகளில் தங்கியிருந்தது. காற்றில் மெழுகு மணமும் கடல் மணமும் கலந்து வந்தன. கதவுக்கு வெளியே, தூரத்தில், ஒரு குதிரை அசையாமல் நின்றது. சுவாமியாரும் நானும் மேடையில் ஏறினோம். மூப்பர் பீடத்துக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில், கையில் பெரிய மெழுகுதிரியோடு நின்றார். அவ்வளவு சனத்தை நான் அதுவரை மேலேயிருந்து பார்த்ததில்லை. எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. முக்காடுகளுக்குள் ஒரு முக்காட்டை நானும் பார்த்தேன்.

சுவாமியார் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தாலாட்டுப் பாடுவதுபோலத் தொடங்கினார். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வாய் கடவுள் தந்தது என்றார், சொன்னேன். செபம் புறப்படுகிற வாசலால் கெட்ட சொல் புறப்படலாமா என்று கேட்டார், கேட்டேன். ஒரு சொல்லைச் சொல்ல முன்னம் அதை ஆண்டவருக்கு முன்னால் வைத்துப் பார்க்கச் சொன்னார். அதையும் சொன்னேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, இந்த ஊரிலும் 'ஸ்லாண்டர்' இருக்கிறார் என்றார்.

ஸ்லாண்டர் என்றால் அவதூறு. ஒருவரைப் பற்றி மற்றவர் இல்லாததும் பொல்லாததும் சொல்வது. இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. அதோடு அந்தச் சுவாமியார் தன் நாட்டு நாக்கால் அதை 'ஸ்லாந்தர்' என்று சொன்னார். அவதூறை ஓர் ஆளாக வைத்து, அவர் வருகிறார், அவர் போகிறார் என்று பேசுவது அவருடைய பிரசங்கப் பாணி. அது பாணி என்று எனக்கு யார் சொல்வது?

நான் மேடையில் நின்று வேகமாக யோசித்தேன். வேத நூலில் வருகிற பேர்கள் எல்லாம் தமிழுக்கு வரும்போது உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வரும். பீட்டர் இராயப்பர் ஆனார். 'போல்' சின்னப்பர் ஆனார். அப்படியென்றால் இந்த ஸ்லாந்தர், தலை வெட்டுப்பட்ட ஒரு பேர். தலையை ஒட்டவைத்துப் பார்த்தேன். அலெக்சாந்தர்.

எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. "இந்த ஊரிலை அலெக்சாந்தர் என்று ஒருவர் இருக்கிறார்" என்று கணீரென்று சொன்னேன்.

கோவிலில் ஒரு சின்னச் சலசலப்பு எழுந்து உடனே அடங்கியது. இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சுவாமியாருக்கு இது நன்றாகப் பிடித்துவிட்டது. அவர் பிரசங்கத்தை இதற்குமுன் இவ்வளவு உன்னிப்பாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கண்ணைத் திறந்தார், கையையும் அசைக்கத் தொடங்கினார்.

யாரும் கூப்பிடாமலே அவர் வீட்டுக்குள் வருவார் என்றார் சுவாமியார். "அலெக்சாந்தர் வீடுவீடாகப் போவார்" என்றேன் நான்.

எல்லார் மேசையிலும் அவருக்கு இடம் உண்டு என்றார் அவர். மேசை என்பது எங்கள் சனத்துக்கு விளங்காது என்று நினைத்து நான் கொஞ்சம் விரித்துச் சொன்னேன். "எல்லா வீட்டிலும் அவருக்குக் கதிரை போடுவீர்கள். சாப்பாடும் கொடுப்பீர்கள். கூழ் காய்ச்சின வீடென்றால் பனையோலைப் பிளாவை ஏந்தி இன்னொருமுறையும் வாங்கிக் குடிப்பார்." (கூழ் சுவாமியாருடைய பிரசங்கத்தில் இல்லை. எந்த மனிதனும் கூழ் என்றால் இரண்டாந்தரம் கேட்பான் என்ற பொது அறிவில் நான் சேர்த்தது. மூப்பர் கூழ்ப் பிரியர் என்பது ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது.)

ஒரு வீட்டில் எடுத்ததை இன்னொரு வீட்டில் கொண்டுபோய்ப் போடுவார் என்றார் சுவாமியார். எடுத்துப் போக ஏதாவது வேண்டுமே என்று நான் அலெக்சாந்தருக்கு ஒரு பை கொடுத்தேன். "தோளிலை பையோடு வருவார். உங்கடை வீட்டிலை உள்ளதை அதிலை போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்."

அவர் இருந்து எழும்பின வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசாமல் போவார்கள் என்றார் சுவாமியார். சொன்னேன். அவர் கோவிலுக்கும் வருவார், பீடத்துக்குக் கிட்டவும் நிற்பார். அதையும் சொன்னேன். சொன்ன கையோடு கோவிலில் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகப் பீடத்துப் பக்கம் திரும்பின. நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். மூப்பர் நின்ற நிலையில் நின்றார். அவருடைய மெழுகுதிரி மட்டும் கொஞ்சம் சாய்ந்து, மெழுகு நிலத்தில் சொட்டியது.

முக்காடுகளுக்குள் நான் பார்த்துக்கொண்டிருந்த முக்காடு குனிந்திருந்தது. தோள்கள் குலுங்கின. எலிசம்மா அழுகிறாள் என்று கண்டேன். என்னுடைய சொல் ஒரு பெண்ணின் மனதை அப்படி உருக்குகிறது என்று நினைத்தபோது, அந்த மஞ்சள் வெயில் முழுவதும் எனக்காகவே உள்ளே வந்ததுபோல இருந்தது. குரலை இன்னும் கொஞ்சம் நடுங்கவிட்டேன்.

சுவாமியார் ஒன்று சொன்னால் நான் மூன்று சொன்னேன். நான் மூன்று சொன்னதும் சனத்தின் முகத்தைக் கண்டு அவர் இன்னும் சூடாக ஒன்று சொன்னார். எங்கள் இருவரில் யார் யாரை இழுத்துக்கொண்டு போனோம் என்று இப்போதும் சொல்ல ஏலாது. கடைசியில் அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவருக்குக் கதிரை கொடாதீர்கள், கதவைச் சாத்துங்கள் என்றார். நான், "அலெக்சாந்தருக்குக் கதிரை போடாதேங்கோ. வாறதைக் கண்டால் கதவைச் சாத்துங்கோ" என்றேன். இப்போது எல்லோரும் முழந்தாளிட்டு, அவரை இந்த ஊரிலிருந்து எடுத்துவிடும்படி ஆண்டவரை மன்றாடுவோம் என்றார். நான் அதை அப்படியே சொல்லி, 'சீக்கிரமாக' என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செபத்தைத் தொடங்க வேண்டியவர் மூப்பர். அவர் தொடங்காமல் யாரும் தொடங்குவதில்லை. கோவில் அப்படியே நின்றது.

பிறகு மூப்பர் மெழுகுதிரியை ஓரமாக வைத்துவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டி, முழந்தாளில் இருந்தார். வழக்கமான அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல், பரமண்டல மந்திரத்தைத் தொடங்கினார். சனம் அவருக்குப் பின்னால் தயங்கித் தயங்கிச் சொன்னது. எனக்கு இதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. நன்றாகத்தான் முடிந்தது என்று நினைத்தேன்.

மேடையிலிருந்து இறங்கி வெளியே வந்தேன். சூரியன் கடலைத் தொடப்போகிற நேரம். முற்றத்து மணலெல்லாம் பொன்னாக இருந்தது. யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள் என்று மெதுவாக நடந்தேன். சனம் எனக்கு வழிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே விட்டது. மதிலோரத்தில் அம்மா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு இருந்தா. பக்கத்தில் போனேன்.

"எப்பிடியம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை அண்ணாந்து பார்த்தா. "தம்பி, மூப்பற்றை பேர் என்னெண்டு உனக்குத் தெரியுமோடா?"

"மூப்பற்றை பேரோ?"

"அலெக்சாந்தர்" என்றா அம்மா.

கால் நிலத்தில் படுகிறதா என்று எனக்கு இருந்த சந்தேகம் அந்த இடத்தில் தீர்ந்தது. இரண்டு காலும் மணலுக்குள் போய்விட்டதுபோல இருந்தது.

நாவைக் காக்கச் சொல்லிப் பிரசங்கம் கேட்ட சனம், வீட்டுக்குப் போகிற வழியிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. மூப்பர் கோவில் அரிசியில் கைவைத்தார் என்று ஒரு கதை. இல்லை, எண்ணெயில் என்று இன்னொரு கதை. சுவாமிமாருக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் யாழ்ப்பாணத்திலிருந்து இதற்கென்றே வெள்ளைக்காரச் சுவாமியை அனுப்பினவராம் என்பது தீவின் மறுகரையில் கிடைத்த கதை. மேற்றிராணியார் ஆளனுப்பாமல் ஒரு சின்னப் பொடியன் மேடையில் நின்று அப்படிச் சொல்லத் துணிவானா என்று கேட்டார்களாம். அந்த வாதம் எனக்கே சரியாகத்தான் பட்டது.

அடுத்தநாள் காலையில் மூப்பர் வழக்கம்போலத் தோளில் பையோடு புறப்பட்டார். நான் எங்கள் பனையோலை வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதல் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. அடுத்த வீட்டில் ஒரு பெண் அவரைக் கண்டதும் வாசலில் கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா. பொல்லாத மனுசி அல்ல; சுவாமி சொல்லியிருந்தார், அதைச் செய்தா. அவர் ஒவ்வொரு வேலியின் வாசலிலும், படலையடியில் கொஞ்சம் நின்று, பிறகு நடந்தார். எங்கள் படலையைக் கடக்கும்போது பை தட்டையாகத் தொங்கியது. அவர் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலவில்லை.

நேரே சுவாமியாரிடம் போனேன். அவர் பங்கு வீட்டுப் பூவரச மரத்தடியில் இருந்து குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, நேற்றுப் போல ஒரு கூட்டத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். நான் என் கையிலிருந்த இங்கிலிஷ் முழுவதையும் கொட்டி விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும், கைகளையும் சேர்த்துக்கொண்டு சொன்னேன். ஸ்லாண்டர் ஒரு மனிதர் என்று நினைத்தேன், பேர் அலெக்சாந்தர் என்று வைத்தேன் என்று சொல்லி முடித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். நானும் ஆறுதலாகச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தபோது, ஊர் மூப்பருடைய பேரும் அதுதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. செபத்தைத் தொடங்கியவரா என்று கேட்டார். ஓம் என்றேன். சுவாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொப்பியை எடுத்தார். நட என்றார்.

உச்சி வெயிலில் நாங்கள் இருவரும் நடந்தோம். வேலிகளுக்குப் பின்னால் ஊர் நின்று பார்த்தது. வெள்ளைக்காரச் சுவாமி மூப்பரைக் கோவிலை விட்டு நிற்பாட்டப் போகிறார் என்று ஒருவர் ஒருவருக்குச் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது. சுவாமியார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அதையும் பாதியாகக் குறைத்துத்தான் மொழிபெயர்த்தேன்.

மூப்பர் முற்றத்தில் வெறும் நிலத்தில் இருந்து, அறுந்த வலைக் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து தலை குனிந்தார். வாசலில் அவருடைய பெண்சாதி வந்து நின்றா. விறாந்தை வெறுமையாக இருந்தது.

"இருங்கோ எண்டு சொல்லக் கதிரை இல்லைச் சுவாமி" என்றா. "எல்லாத்தையும் உள்ளுக்கு எடுத்து வைச்சாச்சு. இந்த வீட்டுக்காரருக்கே கதிரை போடவேண்டாமெண்டு கோவிலிலை சொல்லிப்போட்டினம்."

சுவாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டு வாசலில் நின்று, அந்த வசனத்தை ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதலாவது சரியான மொழிபெயர்ப்பு அதுதான். சுவாமியார் கேட்டு முடித்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளை அங்கியோடு அந்த மணலில், மூப்பருடைய வலைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். மூப்பரும் இருந்தார். நான் எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு மூப்பருக்கு விளக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கினேன். சுவாமியாருடைய உச்சரிப்புக்கு வந்தேன். இராயப்பர், சின்னப்பர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். மூப்பர் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"அந்தச் சொல்லுக்குத் தமிழிலை என்ன?" என்று கேட்டார்.

"அவதூறு."

அவர் வலையில் ஒரு கண்ணைப் பொத்தி முடித்தார். "பின்னேரம் கோவிலிலை அதைச் சொல்லும்" என்றார்.

சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் என் இங்கிலிஷ் முடிந்தது. வாத்தியார் வேலையும் முடிந்தது. வேலை இல்லாதவனுக்கு இந்த வீட்டில் பெண்ணும் முடிந்தது. மதிலில் இருந்து கண்ட கனவெல்லாம் குதிரை நிழல் போலப் பின்னால் போவது தெரிந்தது. என் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

"சொன்னால் எனக்கு இங்கிலிசு தெரியாதெண்டு ஊருக்குத் தெரிஞ்சுபோகும்" என்றேன்.

உள்ளே, கதவு மறைவிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது ஊருக்கு முந்தியே தெரியும்."

எலிசம்மா. அந்தக் குரலில் அழுத அடையாளம் ஒன்றும் இல்லை. சிரித்துக் களைத்துப்போன குரல். நேற்று முக்காட்டுக்குள் குலுங்கிய தோள் எதற்குக் குலுங்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தகப்பனுடைய பேர் கோவிலில் முழங்குகிறது, மேடையில் நிற்கிறவன் தன்னைப் பார்த்துப் பார்த்துக் குரலை நடுங்கவிடுகிறான். அவள் வேறு என்ன செய்வாள்? (வீட்டுக்குப் போய் அழவும் செய்தாளாம். அது கலியாணத்துக்குப் பிறகு சொன்னது.)

அன்று பின்னேரம் கோவில் கொள்ளவில்லை. தீவின் மறுகரையிலிருந்தும் சனம் வந்திருந்தது. மூப்பரை நிற்பாட்டுவதைப் பார்க்க வந்தவர்கள் முற்றத்திலும் நின்றார்கள். அதே மஞ்சள் வெயில், அதே முக்காடுகள். நான் மேடையில் ஏறினேன். வழியெல்லாம் ஒரு நீண்ட பேச்சு ஆயத்தம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். மன்னிப்பும் உவமையும் கண்ணீர் வரவேண்டிய இடங்களும் எல்லாம் இருந்தன. கீழே பார்த்தேன். பீடத்துக்குப் பக்கத்தில் மூப்பர் மெழுகுதிரியோடு நின்றார். அந்தப் பேச்சு முழுவதையும், சுவாமியார் சொன்னதுபோல, ஆண்டவருக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். அதில் மிஞ்சியது கொஞ்சந்தான்.

"நேற்று நான் அலெக்சாந்தர் என்று சொன்னது ஓர் ஆள் அல்ல. அந்த இங்கிலிஷ் சொல்லுக்குக் கருத்து அவதூறு. எனக்கு அது தெரியாது. மூப்பரில் ஒரு குற்றமும் இல்லை."

அவ்வளவுதான். சனம் நேற்றுக் கேட்டதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, பேரை மாற்றி வைத்துப் பார்த்தது முகங்களில் தெரிந்தது. வீடுவீடாகப் போகும் அவதூறு. கதிரை போட்டு உபசரிக்கிற அவதூறு. கூழை இரண்டாந்தரமும் வாங்கிக் குடிக்கிற அவதூறு. முன்வரிசையில் ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அது பெண்கள் பக்கம் போனது, முற்றத்துக்குப் போனது. அந்தக் கோவில் கட்டின நாளிலிருந்து அதற்குள் அப்படி ஒரு சிரிப்பு கேட்டிருக்காது. சிரித்து முடிந்த பிறகு, காலையில் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடின மனுசி முக்காட்டால் கண்ணைத் துடைப்பதைக் கண்டேன். அது சிரித்த கண்ணீர் மட்டும் என்று எனக்குப் படவில்லை. மூப்பர் எல்லாம் அடங்கும்வரை பொறுத்திருந்து, முழந்தாளிட்டு, செபத்தைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்வகுப்பு இங்கிலிஷ் வேறொருவருக்குப் போனது. காய்ச்சல் மாறி எழும்பின பங்குச் சுவாமி எனக்குச் சின்னப் பிள்ளைகளின் அரிவரி வகுப்பைத் தந்தார். அங்கே எனக்குத் தெரியாத சொல் எதுவும் வராது என்றார். மூப்பர் பெண்சாதி என் பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பினா. அடுத்த திருநாள்வரை அந்த முகம் திரும்பவில்லை. எலிசம்மாதான் தாயோடு வாதாடினாளாம். ஊருக்கு முன்னால் தனக்குத் தெரியாதென்று சொன்ன ஆம்பிளையை அவள் வேறெங்கும் கண்டதில்லையாம். மூப்பரிடம் கேட்டபோது அவர், "ஓம்" என்றார். நல்லகாலமாக "பாப்பம்" என்று சொல்லவில்லை.

கலியாணத்துக்கு முன் கோவிலில் ஞாயிறுக்கு ஞாயிறு அறிவித்தல் வாசிப்பார்கள். அலெக்சாந்தருடைய மகள் எலிசபெத்து என்று பங்குச் சுவாமி வாசிக்கிற நேரம் எல்லாம் கோவில் கீழே குனிந்துகொண்டு குலுங்கும். மூன்றாம் ஞாயிறு சுவாமியாலும் வாசித்து முடிக்க ஏலவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில், குசினியில் நாலு பெண்கள் சேர்ந்து இன்னொருத்தியைப் பற்றிய கதை தொடங்கினால், யாராவது ஒருவர் எழும்பி, "கதிரையை உள்ளுக்கு எடுங்கோ" என்பார். கதை நின்றுவிடும். மருமக்களாக வந்தவர்களுக்கு முதல் மாதத்திலேயே காரணம் சொல்லிக் கொடுக்கப்படும். சொல்லிக் கொடுப்பவள் என் பெண்சாதி. சொல்லும்போதெல்லாம் நான் குரலை நடுங்கவிட்ட இடத்தை நடித்துக் காட்டத் தவறமாட்டாள்.

மூப்பர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. எத்தனையோ வருடம் அவரோடு ஒரே முற்றத்தில் இருந்தேன், ஒரே வள்ளத்தில் போனேன். பகிடியாகக்கூட அவர் அந்த நாளை எடுத்ததில்லை. எங்களுக்கு மூத்த ஆண்பிள்ளை பிறந்தபோது, பாட்டனுடைய பேரை வைப்பதுதான் முறை என்று எல்லோரும் சொன்னார்கள். ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் நான் தயங்கித் தயங்கிப் போய், பிள்ளைக்கு அலெக்சாந்தர் என்று வைக்கட்டோ மாமா என்று கேட்டேன்.

அவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்தார். நெடுநேரம் அதன் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி" என்றார். "இந்த ஊருக்கு ஒரு ஆள் காணும்."